"யோ" என்றால் கோபம் வேண்டாம்!
பழவேற்காட்டின் பெயரைக் கழுத்தில் கட்டியவர்கள் "நான்" என்று சொல்வது எப்படி?

"யோ!"

தெருவில் போகிறவரைப் பார்த்து யாராவது இப்படிக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? "யாரைப் பார்த்து யோ என்கிறாய்?" என்று சண்டை வந்துவிடும். நம் ஊரில் அது மரியாதை இல்லாத சொல்.

ஆனால் உலகத்தில் சுமார் 50 கோடி பேருக்கு அது தாய்மொழிச் சொல். அவர்கள் "யோ" என்று சொல்வது மற்றவரைக் கூப்பிட அல்ல. தங்களைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்பானிய மொழியில் "யோ" என்றால் "நான்"!

ஸ்பெயின், மெக்சிகோ, கியூபா, அர்ஜென்டினா, பெரு என்று 20 நாடுகளில் ஸ்பானிய மொழி ஆட்சிமொழியாக இருக்கிறது. அந்த நாடுகளுக்கும் நமக்கும் நடுவே பெரிய பெரிய சமுத்திரங்கள். அப்படியிருக்க, அந்த மொழிக்கும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு கைக்குட்டையில் இருக்கிறது!

கப்பல் ஏறிய கைக்குட்டை

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் பெரிய உப்பங்கழி ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தென்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்குள்ள குப்பங்களில் மடவை மீனும் இறாலும் நண்டும்தான் ஜனங்களுக்குச் சோறு போடுகின்றன.

ஒரு காலத்தில் இது விஜயநகர ராஜ்யத்தின் பெரிய துறைமுகம். நெசவாளர்கள் நெய்த வண்ணத் துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் கப்பலில் போயின. 1500-களின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் இங்கே வந்தார்கள். "பழவேற்காடு" என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. "பாலியகாத்தே" என்றார்கள்.

1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே ராஜா. ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸில் கால் ஊன்றி, அங்கிருந்து மெக்சிகோவுக்குக் கப்பல் விட்டார்கள். 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள் அந்தக் கப்பல்கள் ஓடின. சோழமண்டலக் கரையின் துணிகளும் மணிலா வழியாக மெக்சிகோ போய்ச் சேர்ந்தன.

இன்றும் மெக்சிகோவில் உழவர்களும் கூலி வேலை செய்பவர்களும் கழுத்தில் ஒரு வண்ணக் கைக்குட்டை கட்டுகிறார்கள். சிலர் தலையிலும் கட்டுவார்கள். அதற்கு அங்கே என்ன பெயர் தெரியுமா?

"பாலியகாத்தே"!

மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பேசும் நாவாத்தல் மொழியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. "பழவேற்காட்டுக் கைக்குட்டை" என்பதே சுருங்கி "பாலியகாத்தே" ஆனது என்பது மற்றவர்கள் முடிவு. ஆங்கிலத்திலும் வண்ணக் கைக்குட்டைக்கு "புலிக்காட்" என்ற பெயர் வழங்கியது. வெள்ளைக்காரர்கள் நம் ஊரை அழைத்த பெயர் அதுதான்.

அந்தக் கைக்குட்டையைக் கட்டிய மெக்சிகோக்காரர், "நான் பாலியகாத்தே கட்டியிருக்கிறேன்" என்பதை எப்படிச் சொல்வார்?

"யேவோ பாலியகாத்தே."

இதில் "யோ" எங்கே? "நான்" எங்கே போயிற்று?

வாலில் இருக்கிறது "நான்"

படகிலிருந்து இறங்கும் மீனவரைப் பார்த்து, "எங்கே போய் வருகிறீர்கள் அண்ணே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "ஏரிக்குப் போய் வருகிறேன்" என்பார். "நான் ஏரிக்குப் போய் வருகிறேன்" என்று சொல்வது அபூர்வம். "நான்" அங்கே தேவையில்லை. "வருகிறேன்" என்ற சொல்லின் கடைசியில் "ஏன்" இருக்கிறது. அந்த வாலே "நான்" என்று சொல்லிவிடுகிறது.

பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான். வாலைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஏரியின் வடகரையில் பேசும் தெலுங்கிலும் இப்படித்தான். "வஸ்தானு" என்றாலே "வருகிறேன்" என்று பொருள். "நேனு" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பானிய மொழியும் இதே ஜாதி! "ஆப்லோ" என்றால் பேசுகிறேன். "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். "ஆப்லா" என்றால் பேசுகிறான். ("பம்பரம்" என்ற சொல்லின் நடுவில் வரும் "ப" போல இந்த "ப்" ஒலியைச் சொல்ல வேண்டும்.) தமிழில் "ஏன்" எப்படியோ, நிகழ்காலத்தில் ஸ்பானிய மொழிக்கு "ஓ" அப்படி.

கோமோ: சாப்பிடுகிறேன்.
பெஸ்கோ: மீன் பிடிக்கிறேன்.
யேவோ: கட்டியிருக்கிறேன், அணிந்திருக்கிறேன்.

இங்கிலீஷில் அப்படி முடியாது. ஒவ்வொரு தடவையும் "ஐ" என்று சொல்லியே ஆக வேண்டும். அதனால் இங்கிலீஷ் வழியாக ஸ்பானியம் படிக்கிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் "யோ, யோ" என்று போட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு, "என்ன இவர், நான் நான் என்று பெருமை அடித்துக்கொள்கிறாரே!" என்று தோன்றும். தமிழ் தெரிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் எங்கே "நான்" சொல்வோமோ, பெரும்பாலும் அங்கேதான் அவர்களும் "யோ" சொல்கிறார்கள்.

எப்போது "யோ" வேண்டும்?

மூன்று சமயங்களில் வேண்டும்.

ஒன்று, அழுத்திச் சொல்லும்போது. "மற்றவர் கட்டாவிட்டால் போகட்டும், நான் கட்டியிருக்கிறேன்" என்று சொல்ல வேண்டுமானால் "யோ யேவோ பாலியகாத்தே" என்பார்கள்.

இரண்டு, இரண்டு பேரைப் பிரித்துக் காட்டும்போது. "நான் வலை வீசுகிறேன், நீ துடுப்புப் போடு" என்கிறோம் அல்லவா? அப்படி.

மூன்று, வால் குழப்பும்போது. "பெஸ்காபா" என்றால் "மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்றும் பொருள். "மீன் பிடித்துக்கொண்டிருந்தான்" என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே வால்! அங்கே "யோ" சேர்த்தால்தான் விளங்கும்.

தமிழிலும் அப்படி ஓர் இடம் உண்டு. "வரவில்லை" என்ற சொல்லைப் பாருங்கள். நானா, நீயா, அவனா? சொல்லில் வால் இல்லை. அதனால்தான் "நான் வரவில்லை" என்று சேர்த்துச் சொல்கிறோம். வால் போனால் "நான்" வர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் புழங்கும் சொற்கள்

இனி, ஸ்பானியர் அன்றாடம் பேசும் சில "யோ"க்களைப் பார்க்கலாம்.

கதவு தட்டப்படுகிறது. "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல். "நான்தான் அக்கா!" என்கிறோம். ஸ்பானியர் "சோய் யோ" என்பார்கள். "சோய்" என்றால் "இருக்கிறேன்". "யோ" என்றால் "நான்". இரண்டும் சேர்ந்தால் "நான்தான்".

"எனக்குப் பசிக்கிறது" என்கிறான் அண்ணன். "எனக்கும்தான்" என்கிறாள் தங்கை. "நான் வருகிறேன்" என்கிறார் ஒருவர். "நானும்" என்கிறார் மற்றவர். இரண்டுக்கும் அங்கே ஒரே பதில்: "யோ தம்பியேன்". கேட்பதற்கு யாரோ தம்பியைக் கூப்பிடுவது போல இருக்கிறது. ஆனால் "தம்பியேன்" என்றால் "கூட" என்று அர்த்தம்.

"நான் இன்னும் சாப்பிடவில்லை" என்கிறார் ஒருவர். "நானும் சாப்பிடவில்லை" என்பதற்கு "யோ தம்போக்கோ". ஆம் என்பதற்குத் தம்பியேன். இல்லை என்பதற்குத் தம்போக்கோ. மாற்றிச் சொன்னால் சாப்பாடு கிடைக்காமல் போகலாம்!

பானை உடைந்து கிடக்கிறது. அம்மா கையில் கரண்டியோடு வருகிறாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துகின்றன: "நான் இல்லை!" மெக்சிகோப் பிள்ளைகள் கத்துவது: "யோ நோ ஃபுயி!" எந்த நாட்டுப் பிள்ளைக்கும் முதலில் தெரியும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்!

வாத்தியார் ஒரு பையனைச் சுட்டிக் காட்டுகிறார். "யாரு, நானா?" என்று அவன் விழிக்கிறான். "கியேன், யோ?"

"நானே செய்தேன், யாரும் உதவவில்லை" என்று சொல்ல "யோ மிஸ்மோ". சொல்பவர் பெண்ணானால் "யோ மிஸ்மா". தமிழில் "நானே" என்பதற்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அங்கே உண்டு.

"உன் இடத்தில் நான் இருந்தால் இன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டேன்." இந்தப் புத்திமதியின் முதல் பாதிக்கு மூன்றே சொற்கள் போதும்: "யோ கே தூ".

ரகசியம் சொல்லும்போது "நமக்குள் இருக்கட்டும்" என்கிறோம். அவர்கள் "எந்த்ரே தூ இ யோ" என்பார்கள். "உனக்கும் எனக்கும் நடுவே" என்று பொருள்.

ஒரு மரியாதையும் உண்டு. "நானும் அண்ணனும் போனோம்" என்று நாம் சொன்னால் தவறில்லை. ஸ்பானியர் அண்ணனை முதலில் சொல்லி, "யோ"வைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முந்திரிக்கொட்டை போல "யோ"வை முன்னால் வைக்கிறவரை, "கழுதைதான் முன்னே போகும்" என்று கேலி செய்வார்கள்!

"எனக்கு" என்று வரும் இடம்

"எனக்கு மீன் பிடிக்கும்" என்கிறோம். இதில் "நான்" இல்லை, "எனக்கு"தான் இருக்கிறது. ஸ்பானியத்திலும் அப்படியே: "மே குஸ்தா எல் பெஸ்காதோ". "மே" என்றால் எனக்கு, என்னை. "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதற்கு "மே துவேலே லா கபேசா". இங்கிலீஷ் படிக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. நமக்கோ பழகிய வழி.

பெயர் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் விநோதம். "என் பெயர் முருகன்" என்பதற்கு "மே யாமோ முருகன்" என்பார்கள். "என்னை முருகன் என்று அழைத்துக்கொள்கிறேன்" என்பது நேர்பொருள்.

மீனவர்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. தண்ணீரில் நீந்தும் மீனுக்கு அங்கே ஒரு பெயர்: "பெஸ்". வலையில் அகப்பட்டு உணவாகும் மீனுக்கு வேறு பெயர்: "பெஸ்காதோ". பிடிபட்டது என்று பொருள். பிடிக்கிறவர் "பெஸ்காதோர்", பெண்ணானால் "பெஸ்காதோரா". "சோய் பெஸ்காதோர்" என்றால் "நான் மீனவன்".

நாமா? நாங்களா?

ஒரு விஷயத்தில் தமிழ் ஒரு படி மேலே நிற்கிறது.

பழவேற்காட்டுக் குப்பங்கள் சிலவற்றில் "பாடு" என்ற பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களுக்காக அடிதடி வரக்கூடாது என்று, சீட்டுப் போட்டு முறை வைத்து, உரிமை உள்ள தலைக்கட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே ஒருவர் "நாம் போகலாம்" என்றால் கேட்கிறவருக்கும் பங்கு உண்டு. "நாங்கள் போகிறோம்" என்றால் கேட்கிறவருக்குப் பங்கு இல்லை. ஒரு சொல்லில் ஒரு நாள் பிழைப்பே அடங்கியிருக்கிறது!

ஸ்பானியத்தில் இரண்டுக்கும் "நோசோத்ரோஸ்" என்ற ஒரே சொல்தான். பெண்கள் மட்டும் சேர்ந்திருந்தால் "நோசோத்ராஸ்" ஆகும். கேட்கிறவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

வாலை இழந்தவர்கள்

"யோ" என்ற சொல் எங்கிருந்து வந்தது? பழைய லத்தீன் மொழியில் நான் என்பதற்கு "ஈகோ". "அவனுக்கு ஈகோ அதிகம்" என்று இன்று தமிழ் சினிமாவில்கூடப் பேசுகிறார்கள் அல்லவா? அந்த ஈகோதான்! ஸ்பெயினில் அது தேய்ந்து "யோ" ஆயிற்று. போர்ச்சுகலில் "எயு" ஆயிற்று.

போர்ச்சுகீசியர் பழவேற்காட்டில் நிலைக்கவில்லை. டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1612-இல் டச்சுக்காரரின் பண்டகசாலையைப் போர்ச்சுகீசியர் தாக்கினார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கத்தான் கட்டினார்கள். ஆனால் துணி மட்டும் கப்பல் ஏறவில்லை.

பஞ்ச காலத்தில் விற்கப்பட்டவர்கள், யுத்தத்தில் பிடிபட்டவர்கள் என ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாகப் பழவேற்காட்டில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய பத்தாவியா. அங்கே பல தேசத்து அடிமைகள் இருந்தார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாது. அவர்களுக்குள் பொதுவாக வழங்கியது, உடைந்த போர்ச்சுகீசியத்திலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழி. விடுதலை பெற்றவர்களும் அதையே பேசினார்கள். அவர்களுக்கு "மர்தேக்கர்" என்று பெயர். 1957-இல் மலாயா முழங்கிய "மெர்டேக்கா" என்ற விடுதலைச் சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

இப்படிப்பட்ட ஒரு கலப்பு மொழி இன்றும் மலாக்காவில் ஒரு சிறு சமூகத்தாரின் வாயில் உயிரோடு இருக்கிறது. அதில் "பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்" என்பதைக் கேளுங்கள்:

யோ பாப்பியா. போஸ் பாப்பியா. எலி பாப்பியா.

மூன்றிலும் ஒரே "பாப்பியா"! வால் இல்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும் "யோ" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் "நான்" என்று விளங்கும்.

பல ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கலந்து, அவசரத்தில் ஒரு பொது மொழியை உண்டாக்கும்போது, முதலில் உதிர்வது வால்தான் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். "வருகிறேன்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் அந்தக் கப்பல்களில் போனார்கள். சொந்த மொழியில் சொல்லின் வாலிலேயே அவர்களுடைய "நான்" இருந்தது. கடல் கடந்த பிறகு அதைத் தனியே சொல்லி நிலைநாட்ட வேண்டியதாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற பலருக்குப் போர்ச்சுகீசியப் பெயர்கள் வைக்கப்பட்டன.

இந்தக் கரையின் துணியோ, ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு மெக்சிகோ வரை போயிற்று. இதே கரையிலிருந்து போன மனிதர்களுக்கோ, தாய் தந்தை வைத்த பெயர்கூடத் தங்கவில்லை.

"நான்தான்!"

டச்சுக் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் பழவேற்காட்டில் நிற்கின்றன. செதுக்கிய கற்களில் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. கப்பல் ஏறியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இன்று ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கைநாட்டு வைத்த பாட்டியின் பேத்தி, மனுவின் அடியில் தன் பெயரைத் தானே எழுதுகிறாள். நாளை அவள் எந்த நாட்டுக்குப் போவாளோ, எந்த மொழியைப் படிப்பாளோ, யார் கண்டது? மெக்சிகோவில் ஒருவர் கழுத்துக் கைக்குட்டையைக் காட்டி, "இது பாலியகாத்தே" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடும்.

அப்போது அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம்:

"யோ சோய் தே பாலியகாத்தே."

நான் பழவேற்காட்டுக்காரி!

அந்த வாக்கியத்தில் "சோய்" என்ற சொல்லே போதும். "யோ" கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் அதை அழுத்தமாகவே சொல்லலாம். கழுதை என்று யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.